வசீகரமும் வழித்தொடரும்: புதுக்கோட்டை கூறும் வரலாறு

‘கரிஸ்மா’ எனும் கிரேக்கச் சொல்லுக்கு அருட்கொடை என்பது பொருள். கிறித்தவ இறையியலில் வழங்கிவந்த அச்சொல்லைச் சமூகவியலில் நிலைபெறச் செய்தவர் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர். மரபாலும் சட்டத்தாலும் அன்றி, ஒருவரிடம் தனிப்பேறு உண்டென மக்கள் நம்புவதால் அவருக்கு வாய்க்கும் அதிகாரத்தை அவர் அவ்வாறு குறித்தார். இறைநேசர்களைப் பற்றிப் பேசுகையில் நாம் ஆளும் ‘கராமத்’ எனும் அரபுச் சொல் வேறு வேரினது. எனினும் அதுவும் அருளப்பட்ட சிறப்பையே சுட்டுகிறது. பேறு பெற்றவர் மறைந்தபின் அப்பேறு என்னாகும்? வெபர் ஆராய்ந்த இவ்வினாவுக்குப் புதுக்கோட்டையின் கலை வரலாறு இரு விடைகளைத் தருகிறது.

முதலாவது, பி. யு. சின்னப்பாவின் வாழ்வு. 1916இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், சிறுவயதிலேயே பாலர் நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து பாடி நடித்தார். பருவ மாற்றத்தில் குரல் உடைந்தபோது மேடை வாழ்வு தடைப்பட்டது. ஊர் திரும்பியவர் இசையையும் சிலம்பத்தையும் முறையாகப் பயின்றார். 1940இல் வெளிவந்த ‘உத்தமபுத்திரன்’ படத்தின் இரட்டை வேடம் அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது. 1942இல் ‘கண்ணகி’யும் 1944இல் ‘ஜகதலப்பிரதாபன்’னும் அப்புகழை வளர்த்தன. தியாகராஜ பாகவதரின் அன்பர்களும் சின்னப்பாவின் அன்பர்களும் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்ட காலம் அது. ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊரில் அவர் வீடுகளாக வாங்கிக் குவித்ததால், இனி அவருக்கு வீடு விற்கலாகாது எனச் சமஸ்தானமே தடை விதித்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. 1951 செப்டம்பரில், தம் 35ஆம் வயதில், அவர் காலமானார். படங்கள் எஞ்சின, திரளாகக் கூடிய கூட்டமோ வேறு முகங்களைத் தேடிப் போயிற்று.

இரண்டாவது, மான்பூண்டியா பிள்ளையின் வாழ்வு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அவர், தொடக்கத்தில் கோயிலில் விளக்குச் சுமந்தவர் என்பர். பலா மரச் சட்டத்தில் உடும்புத் தோல் போர்த்திய எளிய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக உயர்த்தியவர் அவரே. அவர் முகத்தைத் திரையில் கண்டோர் எவருமில்லை. ஆயினும், அவர் வகுத்த தாளக் கணக்கு மாணாக்கர் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் சென்றது. மற்றொரு மாணாக்கர் பழனி முத்தையா பிள்ளை வழியாக, அவர் மைந்தர் பழனி சுப்பிரமணிய பிள்ளையையும் அடைந்தது. புதுக்கோட்டை மரபு என்று லய வித்துவான்கள் இன்றும் குறிப்பிடுவது இவ்வழித்தொடரையே. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது, அரண்மனை ஆதரவு அகன்றது, மரபு அழியவில்லை.

சின்னப்பா திறமையில் குறைந்தவர் அல்லர். குரல் உடைந்தபின்னும் உழைத்து மீண்டவர் அவர். வேறுபாடு ஆற்றலில் இல்லை. அது சென்று தங்கிய இடத்தில் உள்ளது. ஒருவர் பேறு கூட்டத்தின் கண்களில் தங்கியது. மற்றவர் பேறு மாணாக்கரின் விரல்களில் இறங்கியது. பின்னதை நம் ஸூஃபி மரபு ‘சில்சிலா’ என்று அறியும். கராமத்தினும் ‘இஸ்திகாமத்’, அதாவது நிலைகுலையா ஒழுக்கம், மேலானது என்று அப்பெரியோர் வலியுறுத்தியதும், கராமத்தை மறைத்து வைக்குமாறு கற்பித்ததும் இதனாலேயே எனலாம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் கலைஞரோடு ஒப்பிடுதல் தகாது. எனினும், மக்கள் தனியொருவரை எவ்வாறு நோக்க வேண்டும் என்பதற்கு 632ஆம் ஆண்டின் நிகழ்வைவிடச் சிறந்த சான்று இல்லை. அண்ணலாரின் மறைவை உமர் (ரலி) அவர்களாலேயே முதலில் ஏற்க இயலவில்லை. அபூபக்கர் (ரலி) அவர்களோ, தூதர் இறப்புக்குரியவர் என்பதையும் அல்லாஹ் என்றென்றும் உயிரோடிருப்பவன் என்பதையும் நினைவுறுத்தி, சமுதாயத்தை நிலைநிறுத்தினார்கள்.

இன்று நம் மேடைகளில் பேச்சாளரின் குரலுக்கும் தோற்றத்துக்கும் திரள்கிறோம். அவர் பெயரைச் சொல்லி நிதி திரட்டுகிறோம். அவர் மறைந்ததும் தொடங்கிய பணி தளர்கிறது. வசீகரம் பழிக்கத்தக்கதன்று, அதுவும் ஓர் அருட்கொடையே. ஆனால், எத்தனை பேர் கூடினர் என்று கேட்பதோடு அமையாமல், எத்தனை பேரை அவர் பயிற்றுவித்தார் என்றும் கேட்கும் சமுதாயமே அக்கொடையைப் போற்றத் தெரிந்த சமுதாயமாகும்.