6,746,328,388,800

6,746,328,388,800 என்பது 10,080 வகுத்திகள் கொண்ட ஓர் உயர் பகு எண். கோடிக் கணக்கில் இது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. மலேசியத் தமிழர் 6 டிரில்லியன் 746 பில்லியன் என்று தொடங்கிப் படிப்பார்கள். சீனிவாச இராமானுஜன் 1915-இல் வெளியிட்ட உயர் பகு எண் அட்டவணையில் இதுவே கடைசி.

தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் உடைய எண்ணை உயர் பகு எண் என்கிறோம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 60 பொட்டலங்களை அடுக்குவதாகக் கொள்வோம். 2, 3, 4, 5, 6, 10 என எத்தனையோ விதமான வரிசைகளில் மிச்சமில்லாமல் அடுக்கலாம். ஒரு பொட்டலம் கூடி 61 ஆகிவிட்டால் நீளமாக ஒரே வரிசைதான். 60-க்கு 12 வகுத்திகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை: மூன்றுமே உயர் பகு எண்கள். பங்கு போட வசதியான எண்களைக் கணிதம் பெயரிடுவதற்கு முன்பே மக்கள் தேர்ந்துவிட்டார்கள்.

இந்த எண்ணின் பகாக் காரணிகள் 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23. இடையில் ஒரு பகா எண்கூட விடுபடவில்லை. அவற்றின் அடுக்குகள் முறையே 6, 4, 2, 2, பிறகு ஐந்து முறை 1. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் (7×5×3×3×2×2×2×2×2) 10,080 வரும். ஒரு வாரத்தில் உள்ள நிமிடங்களும் அத்தனையே. இது வெறும் தற்செயல். அடுக்குகள் இறங்குமுகமாக இருப்பது தற்செயல் அல்ல. 2-இன் அடுக்கைவிட 3-இன் அடுக்கு பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்: வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறுத்துவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன்பிருந்த எண் உயர் பகு எண்ணாக இருக்க முடியாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதையும் இராமானுஜன் நிறுவினார். 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு.

1 முதல் 28 வரை எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். முதலில் தடுக்குவது 29. உயர் பகு எண்களுள் சிறந்தவற்றை இராமானுஜன் மேல்தர உயர் பகு எண்கள் எனத் தனியே பிரித்தார். நம் எண் அந்த வகுப்பில் இல்லை. இதன் மூன்றில் ஒரு பங்கான 2,248,776,129,600 இருக்கிறது.

இராமானுஜனின் அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. கணிப்பொறி இல்லாத காலத்தில் அவற்றைத் தேடி எடுத்தவரின் கண்ணுக்கு ஒன்றே ஒன்று தப்பியது: 293,318,625,600. அதை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் கடைசி எண்ணேதான். புதிய பகா எண் ஒன்று சேரும்போது வகுத்திகள் இரட்டிக்கும். அங்கே 5,040, இங்கே 10,080.

இந்த அட்டவணை இடம்பெற்ற கட்டுரை லண்டன் கணிதக் கழக நடவடிக்கைகளின் 14-ஆம் தொகுதியில் 347 முதல் 409 வரையான பக்கங்களில் வெளிவந்தது. இந்த ஆய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபென் இருவரின் குறிப்புகளுடன் அது 1997-இல் இராமானுஜன் ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளியானது. இதே ரோபென் 1984-இல் பகா எண்கள் தொடர்பான ரீமன் கருதுகோளை வகுத்திகளின் கூட்டுத்தொகை பற்றிய ஒரு சமனின்மையாக மாற்றிக் காட்டியிருந்தார். 5,040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணும் அதற்கு உட்பட்டால் கருதுகோள் உண்மை; ஒன்றே ஒன்று மீறினாலும் பொய்.