ஓய்வும் உரிமையும்

ஒரு சமுதாயம் எவ்வாறு உழைத்தது என்பதை வரலாற்று ஏடுகள் விரிவாகக் கூறும். எவ்வாறு இளைப்பாறியது என்பதை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. எனினும், பிரிட்டிஷ் ஆட்சிக்கால மலாயாவில் யார் எங்கே பொழுது போக்கினர் என ஆராயின், அக்காலச் சமுதாயத்தின் படிநிலைகள் தெளிவாகப் புலப்படும்.

ஆளும் வகுப்பினர்க்குக் கழகங்கள் இருந்தன. சிங்கப்பூர்த் திடலின் ஒரு முனையில் 1852ஆம் ஆண்டு தோன்றிய கிரிக்கெட் கழகம் ஐரோப்பியரின் இடமாக விளங்கியது. மறுமுனையில் யுரேசியர் 1883ஆம் ஆண்டில் தமக்கெனப் பொழுதுபோக்குக் கழகம் கண்டனர். விளையாடிய திடல் ஒன்றே. அமர்ந்த இடங்களோ வேறு வேறு. கோலாலம்பூரிலும் 1884ஆம் ஆண்டில் சிலாங்கூர் கழகம் எழுந்தது. ஆங்கிலம் கற்று அலுவலகங்களில் பணியாற்றிய தமிழரும் இலங்கைத் தமிழரும் அவ்வழியையே பின்பற்றித் தமக்கெனச் சங்கங்கள் அமைத்துப் பந்தாட்டமும் கிரிக்கெட்டும் ஆடினர்.

நகரத்துப் பொதுமக்களுக்கோ கேளிக்கைப் பூங்காக்கள் வாய்த்தன. சிங்கப்பூரில் 1923இல் நியூ வோர்ல்ட், 1931இல் கிரேட் வோர்ல்ட், 1937இல் ஹேப்பி வோர்ல்ட் ஆகியவை திறக்கப்பட்டன. சீன நாடகமும் மலாய் பங்சாவானும் ரோங்கெங் நடனமும் குத்துச்சண்டையும் ஒரே வளாகத்தில் நிகழ்ந்தன. சிறு கட்டணம் செலுத்திய எவரும் அங்கே நுழையலாம். பல இனத்தவரும் தோளோடு தோள் உரசி நின்ற இடங்கள் அவை.

ரப்பர்த் தோட்டத்து நிலை இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய தொழிலாளிக்கு இரவும் முழுமையாகச் சொந்தமன்று. ஆண்டுக்கொரு முறை வரும் கோயில் திருவிழா, தீமிதி, மாசியில் காமன் கூத்து, லயத்து வாசலில் ஒலித்த கதைப்பாடல் ஆகியவை தாயகத்திலிருந்து அவன் கொணர்ந்த செல்வங்கள். நாள்தோறும் கிடைத்ததோ கள்ளுக்கடை ஒன்றே. வேறு பொழுதுபோக்கிற்கு வழி செய்யாத தோட்டங்கள் பலவற்றில் கள்ளுக்கடைக்கு மட்டும் இடம் இருந்தது. பெற்ற கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது.

இந்நிலையைத் தொழிலாளர் உணராமலில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, கூலி உயர்வுடன் வேறு சில கோரிக்கைகளும் எழுந்தன. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்து செல்ல வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டவுடன் மிதிவண்டியினின்று இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பன அவற்றுட் சில. இவை அற்பமானவையல்ல. வேலை முடிந்த பின்னும் தம்மை ஆண்ட அதிகாரத்தை எதிர்த்த குரல் அது. அக்குரலைத் துப்பாக்கி அடக்கியது. தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். இயக்கத்தை வழிநடத்திய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும் அவ்வுணர்வு அழியவில்லை. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர்.

இன்று அம்மூன்று பூங்காக்களும் மறைந்துவிட்டன. தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டு நகர்களாகிவிட்டன. ஆயினும் அவ்வரலாறு உணர்த்தும் உண்மை மாறவில்லை. ஒருவன் எதனை விரும்பிப் பொழுது போக்கினான் என்று வினவுமுன், விரும்புவதற்கு அவனுக்கு என்ன விடப்பட்டிருந்தது என்று வினவுதல் வேண்டும். குடிகாரன் எனத் தோட்டத் தொழிலாளியைப் பழித்தோர் இவ்வினாவை எழுப்பியதில்லை. அவனோ, 1941ஆம் ஆண்டிலேயே அதற்கு விடை அளித்துவிட்டான்.