எக்ஸ்-ரேயில் தெரியாத காயம்: ஒரு தோள்பட்டை வரலாறு



மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் கல்ச்சுரல்ஸ் கலாட்டாவைப் பற்றியும் எழுத நம்மில் ஆள் ஏராளம். நான் தோள்பட்டையைப் பற்றி எழுதப் போகிறேன். "மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது என்ன வேண்டாத வேலை?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்தால் எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு வரும். 'சிட்டிசன்' படத்து ஊரா என்று கேட்காதீர்கள், அது அத்திப்பட்டி! இங்கே 1994-ல் வடசென்னை அனல் மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது. 2001-ல் பக்கத்திலேயே எண்ணூர் துறைமுகம் திறந்தார்கள். அதன் பிறகு சுற்றிலும் எத்தனையோ ஆலைகள், கிடங்குகள். இங்கே பாதிப் பேருக்குக் கை தலைக்கு மேலேதான் வேலை செய்யும். வால்வு திருப்புவது, பைப்பைத் தாங்கிப் பிடிப்பது, கன்வேயர் ரோலர் மாற்றுவது எல்லாம் அந்த வகைதான்.

இந்த வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் நான் ஷிஃப்ட் இன்ஜினீயராகச் சேர்ந்த புதிது. ஐம்பது வயதுள்ள ஒரு ஃபிட்டர் அண்ணன் வந்து நின்றார். "வலது கை ஏற மாட்டேங்குது சார். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியல." எக்ஸ்-ரே எடுக்கச் சொன்னேன். எலும்பு நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. "ஒண்ணும் இல்லையே அண்ணே, வேலையைப் பாருங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நான் நம்பவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பார்வைதான் பிறகு என்னைப் படிக்க வைத்தது.

தோள் மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும். ஆனால் கிண்ணம் ஆழமே இல்லை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுவோமே, அந்த மாதிரி! பழம் விழாமல் பிடித்துக்கொள்வது சுற்றியிருக்கும் நான்கு தசைகளின் நாண்கள். இவை சேர்ந்த உறைக்குத்தான் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். நான்கில் மேலே இருக்கும் நாண் ஒரு எலும்புக் கூரைக்கு அடியில் போகிறது. அதிகம் கிழிவது இதுதான். வயது ஏற ஏற நாண் தானாகவே தேயும். அதோடு தலைக்கு மேல் வேலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கிழிசலை 1834-லேயே ஜே. ஜி. ஸ்மித் என்பவர் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிவிட்டார். அவர் பார்த்தது பிணங்களின் தோள்களில். 1872-ல் பிரான்சில் டூப்ளே என்ற சர்ஜன், தோள் வலிக்கெல்லாம் மூட்டைச் சுற்றிய அழற்சி என்று பொதுவாக ஒரு பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததும் தேடல் நின்றது! 1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, நாண் தெரியவில்லை. தெரியாததை இல்லை என்று நினைப்பது மனித சுபாவம்தானே. நானும் அதைத்தான் செய்தேன்.

அடுத்து வருபவர்தான் இந்தக் கதையின் நாயகர், பாஸ்டன் நகரத்து சர்ஜன் எர்னஸ்ட் அமோரி காட்மேன். எக்ஸ்-ரே வந்த புதிதிலேயே அதில் கை பழகியவர். ஆனாலும் படத்தோடு நிற்காமல் நோயாளியின் கையைத் தூக்கிப் பார்த்தார். கிழிந்த நாணை 1909-ல் தைத்தார், 1911-ல் அதை வெளியிட்டார். அதே 1911-ல் அவருடைய மாநிலத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. (நம் நாட்டில் 1923-ல் வந்தது.) தோள் போன தொழிலாளி நடிக்கிறானா, நிஜமா என்பது அன்று முதல் பணப் பிரச்சினையும் ஆயிற்று. 1934-ல் காட்மேன் சொந்தச் செலவில் வெளியிட்ட 'தி ஷோல்டர்' என்ற புத்தகத்தில் இந்தத் தொழிலாளிகளுக்கும் இடம் உண்டு.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. ஆபரேஷன் செய்த ஒவ்வொருவரையும் ஒரு வருஷம் கழித்துக் கூப்பிட்டு, உண்மையில் குணமாயிற்றா என்று பார்க்க வேண்டும் என்றார். தன் சிறிய ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை 337 பேருக்குச் செய்த சிகிச்சையில் 123 பிழைகள் என்று தானே அச்சடித்துக் கொடுத்தார்! ஊர் டாக்டர்கள் பகைத்துக்கொண்டார்கள். 1940-ல் அவர் இறந்தபோது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. 2014-ல்தான் வைத்தார்கள்.

1972-ல் அமெரிக்க சர்ஜன் சார்லஸ் நியர், மேலே உள்ள எலும்புக் கூரை உரசுவதுதான் மூலகாரணம் என்று சொல்லி அதைச் சீவும் ஆபரேஷனைக் கொண்டுவந்தார். உலகமெங்கும் அது பரவியது. 2018-ல் இங்கிலாந்திலும் பின்லாந்திலும் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், எலும்பைச் சீவியவர்களையும், உள்ளே பார்த்துவிட்டுச் சும்மா மூடியவர்களையும் ஒப்பிட்டார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! கிழிசல் இல்லாத உரசல் வலிக்கு இன்று முதல் வைத்தியம் முறையான பிசியோதெரபி. காட்மேன் கேட்ட கேள்வியை நூறு வருஷம் கழித்துக் கேட்டிருக்கிறார்கள்.

நமக்கு வேண்டிய விஷயம் இதுதான். கையைத் தானாகத் தூக்க முடியவில்லை, மற்றவர் தூக்கிவிட்டால் ஏறுகிறது என்றால் நாண் கிழிந்திருக்கலாம். யார் தூக்கினாலும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் உறைந்த தோள், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். விழுந்த உடனே கை தூக்க முடியாமல் போனால் நாள் கடத்தாமல் எலும்பு டாக்டரிடம் போக வேண்டும், தள்ளிப்போட்டால் நாண் சுருங்கித் தைப்பது கஷ்டமாகிவிடும். நாணைப் பார்க்க அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. இருக்கின்றன. எல்லாக் கிழிசலுக்கும் கத்தி வேண்டியதில்லை. பல பேர் மாதக்கணக்கில் பயிற்சி செய்தே தேறிவிடுகிறார்கள்.

2006-ல் டெண்டுல்கர் தோளில் ஆபரேஷன் செய்துகொண்டார். நாடே கவலைப்பட்டது. செப்டம்பரில் கோலாலம்பூரில் 141 அடித்ததும் நாடே மூச்சு விட்டது. நம் ஃபிட்டர் அண்ணனுக்காகக் கவலைப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான். நானோ ரிப்போர்ட்டைப் படித்தேன், ஆளைப் படிக்கவில்லை. நாலு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ.யில் முழுக் கிழிசல் தெரிந்தது. கை இன்றும் முழுதாக ஏறாது. டூல் ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்து ரிட்டயர் ஆனார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில், காயம் வரும் அளவுக்குச் சுமை தூக்க வைக்கக் கூடாது என்று 34-ஆம் பிரிவு சொன்னது. எடையைச் சொன்னது, கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் இன்ஜினீயர்களாகிய நாம். ஒரு மேடையை இரண்டடி உயர்த்தினால், ஒரு செயின் பிளாக் மாட்டினால், ஒரு தோள் பிழைக்கும்.

நாளைக்கு ஷிஃப்ட் இன்ஜினீயராகப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. "கை ஏறல சார்" என்று ஒருவர் வந்தால் முதலில் நம்புங்கள். ரிப்போர்ட்டைப் பிறகு பாருங்கள். ஒரு வருஷம் கழித்து அவரைக் கூப்பிட்டு, "இப்போ எப்படி இருக்கு அண்ணே?" என்று கேளுங்கள். அதற்கென்று நான் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ஃபிட்டர் அண்ணன் பெயர்தான் இருக்கிறது.