பாழ்நிலக் கணக்கு

தரிசு வேறு, பாழ் வேறு. ஏர் படாமற் கிடக்கும் நிலம் தரிசு. பயன்படுத்தியவராலேயே கெடுக்கப்பட்டுக் கைவிடப்பட்ட நிலம் பாழ். ஆகவே, ஒரு நாட்டிற் பாழ்நிலம் எவ்வளவு என்று கேட்பது, அதனைப் பாழாக்கியவர் யார் என்று கேட்பதுமாகும்.

கைத்தொழிற் புரட்சியின் தாயகமான பிரித்தானியாவில் இக்கேள்வி காலந்தாழ்த்தியே எழுந்தது. வேல்ஸ் நாட்டுச் சுவான்சிப் பள்ளத்தாக்கிலே பதினெட்டாம் நூற்றாண்டு முதல் செப்பு உருக்காலைகள் பெருகின. ஆலைகள் மூடப்பட்டன, இலாபம் முதலாளிகளுடன் சென்றது, நச்சுக் கசடு ஊராருக்கு எஞ்சியது. 1961ஆம் ஆண்டிலே சுவான்சிப் பல்கலைக்கழகக் கல்லூரியினர் அப்பள்ளத்தாக்கை ஆராயத் தொடங்கியபோது, அங்கு பெரும்பகுதி புல்லும் முளைக்காத நிலமாயிருந்தது.

அளப்பதற்கு முன்னர் வரைவிலக்கணம் வேண்டும். கைத்தொழிலினாலோ பிற அபிவிருத்தியினாலோ சேதமுற்று, சீர்திருத்தினாலன்றிப் பயன்தராத நிலமே பாழ்நிலமென அரசாங்கம் வகுத்தது. இவ்வரையறை நியாயமானதாகவே தோன்றும். ஆயின், இன்னும் பயன்பாட்டிலுள்ள நிலம் இதனுள் அடங்காது. கழிவு கொட்டப்பட்டுக்கொண்டிருக்கும் மேடு எத்துணைப் பெரிதாயினும் கணக்கில் ஏறாது.

இதன் பொருளை அபெர்வான் உணர்த்திற்று. அக்கிராமத்திற்கு மேலே 1958 முதல் நிலக்கரிக் கழிவு கொட்டப்பட்டுவந்த ஏழாம் இலக்க மேடு, 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி காலை சரிந்து பாடசாலையை மூடியது. மாண்டோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் சிறுவர். முதல்நாள் வரை அந்த மேடு ‘பயன்பாட்டில்’ இருந்தது. எனவே மேற்கூறிய வரையறைப்படி அது பாழ்நிலமன்று! சுரங்கம் 1947 முதல் அரசுடைமை என்பதையும் நாம் மறத்தலாகாது. 1967இல் விசாரணை மன்று தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பாளி எனக் கூறியது. அவ்வாறிருந்தும், எஞ்சிய மேடுகளை அகற்ற, மக்கள் ஈந்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண் பெறப்பட்டது. அத்தொகை 1997இலேயே வட்டியின்றித் திருப்பியளிக்கப்பட்டது. உடைமை மாறினாற் போதாது. பொறுப்புக் கூறலும் மாறவேண்டும்.

எண்களும் ஒரு பாடம் புகட்டுகின்றன. இங்கிலாந்திலே 1974ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி பாழ்நிலம் ஏறத்தாழ 43,300 ஹெக்டயர். அடுத்த எட்டாண்டுகளிற் சுமார் 17,000 ஹெக்டயர் சீர்திருத்தப்பட்டது. ஆயினும் 1982இல் எண்ணியபோது தொகை ஏறத்தாழ 45,700 ஆக உயர்ந்திருந்தது. ஒரு கை திருத்த, மறு கை அதனினும் விரைவாகப் பாழாக்கியது. 1993இல் அது 39,600 அளவுக்கே தாழ்ந்தது.

இதே பிரித்தானிய ஆட்சி நம் நாட்டில் நிலத்தை எவ்வாறு வகுத்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது. சேனைப் பயிரின் பின் மண் ஆறுவதற்காக விடப்பட்ட நிலத்துக்கும் பத்திரம் காட்டவேண்டிய நிலை குடியானவனுக்கு ஏற்பட்டது. முடிக்குச் சேர்ந்த நிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது.

அங்கே பாழ் என்னும் சொல் சுருக்கப்பட்டது. இங்கே தரிசு என்னும் சொல் விரிக்கப்பட்டது. இரண்டிலும் நட்டமடைந்தோர் உழைக்கும் மக்களே. புள்ளிவிபர அட்டவணையொன்றைக் காணும் மாணவன் தொகையைப் படிப்பதற்கு முன்னர், எது எண்ணப்பட்டது, எது விடப்பட்டது, அதனால் யாருக்கு ஆதாயம் என்று வினவப் பழகவேண்டும். அவ்வினாவை வகுப்பறையில் எழுப்புவது ஆசிரியர் கடன்.