சுவீடனிற் பாடசாலைப் பாலியற் கல்வி: ஒரு வரலாற்று நோக்கு

பாலியற் கல்வியைப் பாடசாலைகளில் நாடளாவிய முறையிற் கட்டாயமாக்கிய முதல் நாடு சுவீடன் ஆகும். 1955ஆம் ஆண்டிலே இது நிகழ்ந்தது. இதனைக் கொண்டு, அந்நாட்டார் இயல்பாகவே ஒழுக்கக் கட்டுப்பாடு தளர்ந்தவர் எனக் கூறுவார் உளர். வரலாறு அக்கூற்றுக்கு இடந்தருவதாயில்லை. 1938ஆம் ஆண்டுவரை அங்கு கருத்தடைச் சாதனங்கள் பற்றிப் பகிரங்கமாக விளக்குவதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

அத்தடை 1910ஆம் ஆண்டுக்குரியது. ஹிங்கே பெர்கெகிரென் என்னும் சமதர்மவாதி, குழந்தைப்பேறின்றிக் காதல் இயலும் என அவ்வாண்டிலே மேடைகளில் முழங்கினார். அரசு அவரைச் சிறையிலிட்டதோடு அமையாது சட்டமும் இயற்றியது. சாதனங்களின் விற்பனையை அச்சட்டம் தடைசெய்யவில்லை. அவற்றைப் பற்றி எடுத்துரைப்பதையே தடைசெய்தது. பொருளிலும் பார்க்க அறிவே ஆபத்தானதெனக் கருதப்பட்டமை இதனாற் புலனாகும். ஆயினும் உடற் சுகாதாரம் என்ற பெயரிற் சில முயற்சிகள் நடைபெறாமலில்லை. 1888இல் மருத்துவப் பட்டம் பெற்ற சுவீடனின் முதற் பெண் மருத்துவர் கரோலினா விடர்ஸ்ரோம், பெண்பிள்ளைகளுக்கும் ஆசிரியைகளுக்கும் இவ்விடயம் பற்றிப் போதித்து வந்தார்.

இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் எலிசே ஒற்ரெசன் - யென்சன். நோர்வே நாட்டிலே திருச்சபைக் குரு ஒருவரின் 18 பிள்ளைகளுள் 17ஆவதாக 1886இற் பிறந்தவர். இவருடைய தங்கை மணமாகாது கருவுற்றபோது தந்தையார் அவளை டென்மார்க்குக்கு அனுப்பினார். குழந்தை உடலினின்று எவ்வழியாக வெளிவரும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெற்ற குழந்தையையும் அவளிடமிருந்து பிரித்தனர். அத்துயரினின்று அவள் மீளவேயில்லை. தமக்கையார் பின்னர் சுவீடனிற் குடியேறி, தடைச்சட்டம் நடைமுறையிலிருந்த காலத்திலேயே ஊரூராகச் சென்று தொழிலாளர் குடும்பப் பெண்களுக்குப் போதித்தார். 1933இல் பாலியற் கல்விக்கான தேசிய சங்கத்தை நிறுவினார். 1952இற் பம்பாயிலே சர்வதேசக் குடும்பத்திட்ட சம்மேளனம் உருவானபோது அதன் மூலவர்களுள் ஒருவராகவும் இவர் இருந்தார். அதற்கடுத்த ஆண்டிலேயே இலங்கையிற் குடும்பத்திட்டச் சங்கம் தோன்றியது.

தனிமனிதரின் தொண்டு மாத்திரம் அரசை அசைத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. 1930களிற் சுவீடனின் பிறப்பு வீதம் பெரிதும் வீழ்ச்சியுற்றிருந்தது. அல்வா மிர்டால், குன்னார் மிர்டால் தம்பதியர் 1934இல் வெளியிட்ட நூல் இதனை ஒரு நெருக்கடியாகக் காட்டியது. மறுவருடம் குடித்தொகை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. பிறப்பை அதிகரிக்க விரும்பிய அவ்வாணைக்குழுவே, விரும்பிப் பெறும் குழந்தையே நல்வாழ்வு பெறும் எனக் கொண்டு, கருத்தடைத் தடையை நீக்கவும் பாலியற் கல்வியைப் பரப்பவும் விதந்துரைத்தமை விந்தையே. அதே தலைமுறையினரே 1934ஆம் ஆண்டின் கருவளநீக்கச் சட்டத்தையும் ஆதரித்தனர் என்பதை மறைத்தலாகாது. அச்சட்டமும் அதனைத் தொடர்ந்த 1941ஆம் ஆண்டுச் சட்டமும் 1970களின் நடுப்பகுதிவரை பலரது உடல்மீது வன்முறையாயின.

1942இல் பாடசாலைகளுக்குப் பாலியற் கல்வி பரிந்துரைக்கப்பட்டது. 1945இல் ஆசிரியர்க்கு முதலாவது கைந்நூல் கிடைத்தது. கட்டாயமாக்கப்பட்ட மறு ஆண்டில், அதாவது 1956இல், வெளிவந்த கைந்நூலே ஊன்றி நோக்கத்தக்கது. அது மாணவரை வயதுவாரியாக வகுத்தது. 7 முதல் 10 வயதுவரையுள்ள சிறார்க்கு ஆண், பெண் வேறுபாடும் குழந்தை எங்கிருந்து வருகின்றது என்பதும். 11 முதல் 13 வரை பருவமடைதல், மாதவிடாய், கருத்தரித்தல் ஆகியன. 14 வயதுக்கு மேற்பட்டோர்க்கு இவற்றோடு பால்வினை நோய்களும் பிறவும். இளையோர்க்கு எளிய சொற்களில் மாதிரிப் பாடங்களையும் அது தந்தது. வகுப்பிலே நாணி நிற்கும் ஆசிரியருக்கு அவையே பெருந்துணையாக இருந்திருக்கும்.

எனினும், பிற்காலத்தார் எண்ணுமளவுக்கு அது தாராளமானதன்று. இளமையிற் புலனடக்கமே உரியதென அது வலியுறுத்தியது. ஒருபாற் புணர்ச்சி 1944இலேயே சட்டத்தினாற் குற்றமற்றதாக்கப்பட்டிருந்தும், கைந்நூல் அதனை இயல்பற்றதாகவே காட்டியது. சட்டம் முன்னே செல்லப் பாடநூல் பின்தங்கியது எனலாம்.

ஆகவே இருசாராரும் அதிருப்தியுற்றனர். 1964இல் 140 மருத்துவர் கையொப்பமிட்டு, ஒழுக்கநெறியை இன்னும் உறுதியாகப் போதிக்குமாறு கோரினர். மாணவரும் இளைஞர் இயக்கத்தினரும் போதனையைக் குறைத்துச் செய்தியைக் கூட்டுமாறு வேண்டினர். அவ்வாண்டில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு தன் அறிக்கையை அளிக்கப் பத்தாண்டுகள் சென்றன. 1977இல் வெளிவந்த புதிய கைந்நூலிலே புலனடக்க விதி இடம்பெறவில்லை. பாடத்தின் பெயரும் கூடிவாழ்தலைச் சுட்டுவதாய் மாறிற்று. 2022இன் பாடத்திட்டத்தில் அப்பெயர் மீண்டும் மாற்றப்பட்டு, "சம்மதம்" என்ற சொல் அதனுட் சேர்க்கப்பட்டது.