கப்பல் பாதையில் நீலத் திமிங்கலங்கள்: இலங்கையின் தென்கடலில் நீடிக்கும் ஆபத்து

இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனையை ஒட்டி, உலகிலேயே நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளுள் ஒன்று செல்கிறது. சூயஸ் கால்வாய், பாரசீக வளைகுடா ஆகியவற்றிலிருந்து மலாக்கா நீரிணைக்குச் செல்லும் சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் இவ்வழியே கடக்கின்றன. கேரளத்தின் விழிஞ்சம் துறைமுகத்திலிருந்து கிழக்கு நாடுகளுக்குப் புறப்படும் பெரிய கப்பல்களுக்கும் இதுவே வழி. உலகின் மிகப் பெரிய உயிரினமான நீலத் திமிங்கலம் இரை தேடுவதும் இதே நீர்ப்பரப்பில்தான்.

பிற பெருங்கடல்களில் வாழும் நீலத் திமிங்கலங்கள் பெரும்பாலும் இரைக்காகத் துருவத்தை ஒட்டிய குளிர்ந்த கடலுக்குச் சென்று திரும்புகின்றன. வட இந்தியப் பெருங்கடலில் உள்ளவை அவ்வாறு செல்வதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன. இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸின் ஆய்வுகள் இவற்றின் மீது உலகின் கவனத்தைத் திருப்பின. தெற்குக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே கடல் சட்டென ஆழமாகிறது. அந்த விளிம்பில் திரளும், இறாலினத்தைச் சேர்ந்த சிற்றுயிர்களே இங்கு இவற்றின் முக்கிய உணவு. ஆகவே இரையை விட்டு விலகவும் இவற்றுக்கு வழியில்லை.

2012 மார்ச் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொள்கலன் கப்பல் ஒன்றின் முகப்பில், இறந்த நீலத் திமிங்கலம் ஒன்று மடிந்து தொங்கியது. அது கரை வந்ததால் கணக்கில் சேர்ந்தது. மோதி இறப்பவற்றில் பல மூழ்கிவிடுகின்றன. ராட்சதக் கப்பலில் இருப்போர் மோதலை உணராமலே போவதும் உண்டு.

இத்தனை பெரிய உயிரினம் ஏன் விலகிச் செல்வதில்லை? கப்பலின் விசிறி பின்பகுதியில் உள்ளது. அதன் இரைச்சலைக் கப்பலின் உடற்பகுதியே மறைப்பதால், நேர் முன்னே ஒலி குறைந்து கேட்கிறது. கப்பல் நெருங்கும்போது நீலத் திமிங்கலங்கள் பக்கவாட்டில் விலகாமல், மெதுவாகக் கீழே அமிழ முயல்வதையே அமெரிக்காவின் கலிபோர்னியக் கடலில் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். வேகமாக வரும் கப்பலுக்கு முன் அது போதுவதில்லை.

வேகத்தைக் குறைப்பது ஒரு வழி. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்களைக் காக்க, குறிப்பிட்ட பகுதிகளிலும் பருவங்களிலும் 65 அடி அல்லது அதற்கு மேல் நீளமுள்ள கப்பல்களுக்கு 10 நாட் வேக வரம்பை அமெரிக்கா 2008-இல் விதித்தது. பாதையை மாற்றுவது மற்றொரு வழி. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 2003-இல் இது செய்யப்பட்டது. தெவுந்தர முனைக்கும் இரண்டாவது வழியே பொருந்தும். பாதையை 15 கடல் மைல், அதாவது சுமார் 28 கிலோமீட்டர், தெற்கே நகர்த்தினால் மோதல் அபாயம் 95 சதவீதம் குறையும் என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். மிரிஸ்ஸ பகுதியில் திமிங்கலம் காணச் செல்லும் சுற்றுலாப் படகுகளுக்கும் சிறு மீன்பிடிப் படகுகளுக்கும் இது பாதுகாப்பு.

உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி, 2022 முதல் தன் கப்பல்களைத் தாமாகவே தெற்கே விலகிச் செல்லப் பணித்துள்ளது. விழிஞ்சத்துக்கு அதிகம் வந்து செல்பவையும் இந்நிறுவனத்தின் கப்பல்களே. ஆனால் ஒரு நிறுவனத்தின் முடிவு மற்றவற்றைக் கட்டுப்படுத்தாது. அதிகாரபூர்வப் பாதையை மாற்ற சர்வதேச கடல்சார் அமைப்பின் ஒப்புதல் தேவை. அதற்கான முன்மொழிவு இலங்கை அரசிடமிருந்து வர வேண்டும். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் வருவாய் குறையுமோ என்ற தயக்கம் அங்கு எழுந்ததுண்டு.