விரல் நுனியும் ரிஃபும்: டோனி அயோமியின் மரபு குறித்து ஒரு மறுவாசிப்பு

பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு தொழிற்சாலை விபத்தில்தான் தொடங்குகிறார்கள். 1965இல், பதினேழு வயதில், பர்மிங்காமின் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு அன்று கடைசி நாள் வேலை. வராத ஆளுக்குப் பதிலாக அழுத்து இயந்திரத்தில் நிறுத்தப்பட்டவர் வலக்கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் இழந்தார். அவர் இடக்கைக்காரர், கிதாரின் கம்பிகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். இதன்பின் வழக்கமான விளக்கம் வேகமெடுக்கும்: விரல் வலித்தது, கம்பியைத் தளர்த்தினார், சுருதி இறங்கியது, ஹெவி மெட்டல் பிறந்தது. இந்தச் சங்கிலி காலவரிசையில் நிற்காது என்பதும், அயோமியின் உண்மையான கொடையை அது மறைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘பாரனாய்டு’ வந்தது. இரண்டிலும் கிதார் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. மூன்று அரைச்சுரம் கீழிறங்கிய சுருதி 1971இல், ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பில்தான் வருகிறது. அதற்குள் அந்த இசைவகையின் இலக்கணம் ஏறக்குறைய முழுமையாக எழுதப்பட்டுவிட்டது. பின்னால் வந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்க முடியாது.

காயத்தின் பங்கை இதனால் மறுக்கவில்லை. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீயில் இடக்கை சிதைந்து, பெரும்பாலும் இரண்டே விரல்களால் தனி வாசிப்பை நிகழ்த்திய கலைஞர் அவர். அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். மெல்லிய கிதார் கம்பிகள் கடையில் கிடைக்காததால் பாஞ்சோவின் கம்பிகளைப் பூட்டினார். கருவியை உள்ளபடியே ஏற்க வேண்டியதில்லை, தன் கைக்கேற்ப அதை மாற்றலாம் என்ற துணிவை இந்த வேலைகளே அவருக்குத் தந்திருக்க வேண்டும். ஆனால் துணிவு கருவியைத்தான் மாற்றும். அதில் என்ன வாசிப்பது என்பது தனி முடிவு.

அந்த முடிவுகளுள் முதலாவது, ஆதாரச் சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் கொண்ட பவர் கார்டை மையத்தில் வைத்தது. கிதாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிரும். அதன் பஞ்சமம் 123 அல்லது 124. ஆம்பை உறுமும் அளவுக்கு முடுக்கும்போது இவ்விரண்டின் வேறுபாடான சுமார் 41 ஹெர்ட்ஸும் ஒலிக்கத் தொடங்குகிறது. யாரும் மீட்டாத கீழ் ஸ்தாயிச் சுரம் அது. காந்தாரத்தையும் சேர்த்தால் இந்தத் தெளிவு கலங்கிவிடும். விரல் குறையால் முழுக் கார்டுகளைப் பிடிப்பது கடினமானதும் இதற்கு ஒரு காரணம்தான். இந்த இடத்தில் விபத்துக் கதைக்கு ஓரளவு நியாயம் உண்டு. 1971இன் சுருதி இறக்கம் இதே திசையில் எடுத்த அடுத்த அடி. கம்பியின் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறைந்தது விரலுக்கு இதம். ஆனால் வலியில்லாத கீஸர் பட்லரும் தன் பேஸ் கிதாரைக் கூடவே இறக்கினார். அந்த ஆழம் குழுவே கேட்டுத் தேர்ந்தது.

இரண்டாவது, குழுவின் பெயரையே தாங்கிய முதல் பாடலின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் தொடர். ஆதார சட்ஜம், அதன் மேல் சட்ஜம், பிறகு நம் இசைமொழியில் பிரதி மத்யமம். மூன்றே சுரங்கள். சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியை இடைக்காலத் திருச்சபை தடைசெய்தது என்று பலரும் எழுதுகிறார்கள், அதற்குச் சான்றில்லை. பிரதி மத்யமம் தன்னளவில் அச்சமூட்டுவதும் அல்ல. 36 மேளகர்த்தா ராகங்களில் அது இயல்பாகப் புழங்குகிறது. அச்சம் பிறப்பது அயோமி அதை நிறுத்திவைக்கும் விதத்தில்: மிக மெதுவான நடை, அந்தச் சுரத்தின் மேல் நடுங்கும் கமகம் போன்ற அசைவு, பிறகு நீண்ட காத்திருப்பு.

இவற்றுக்கும் மேலாக நான் முதன்மை தருவது ரிஃபுக்கு அவர் அளித்த இடத்துக்கு. ரிஃபை அவர் கண்டுபிடிக்கவில்லை. கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இலேயே ஒலிபெருக்கியின் கூம்பைக் கீறி, கரகரத்த பவர் கார்டு ரிஃப் ஒன்றை உலகப் புகழ் பெறச் செய்தார். அங்கே ரிஃப் பாட்டைத் தாங்கும் மேடை. பிளாக் சபாத்தின் ‘அயர்ன் மேன்’ பாடலில் உறவு தலைகீழாகிறது. பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் குரல் தனக்கென மெட்டு ஏதும் தேடாமல், கிதார் போகும் வழியிலேயே சுரத்துக்குச் சுரம் உடன் செல்கிறது. பாட்டு ரிஃபுக்குப் பக்கவாத்தியமாகிறது. விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் ரோலிங் ஸ்டோன் இதழில் முதல் தொகுப்பை கிரீம் குழுவோடு ஒப்பிட்டு மட்டம் தட்டியது இதனால்தான் என்று கருதுகிறேன். தனி வாசிப்பின் சாகசத்தை அளக்கும் கோலால் அவர் கட்டுமானத்தை அளந்தார்.

செல்வாக்கின் தடத்தைத் தொடர்ந்தால் இது இன்னும் துலங்கும். மெட்டாலிகா வேகத்தைக் கூட்டியது, ஆனால் பாடல்களை ரிஃபுக்கு மேல் ரிஃபாக அடுக்கியே கட்டியது. கலிபோர்னியாவின் ஸ்லீப் குழு ‘டோப்ஸ்மோக்கர்’ என்ற ஒரே பாடலை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, இறங்கிய சுருதியிலும் ஆமை நடையிலும் நீட்டியது. அயோமியின் சொந்த ஊரான பர்மிங்காமில் உருவான காட்ஃபிளெஷ், 1989இன் ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ தொகுப்பில் டிரம்மரையே நீக்கி இயந்திரத் தாளம் வைத்தது. அயோமியிடம் எஞ்சியிருந்த ப்ளூஸ் சாயலையும் கழற்றியது. அப்படியும் கேட்பவர் அது யார் வழி வந்தது என்று உடனே சொல்லிவிடுவார், ஏனெனில் கனத்த ரிஃபும் அதன் இடைவெளிகளும் அப்படியே இருக்கின்றன. இந்த வாரிசுகள் நுனி குறையாத விரல்களோடு வாசித்தவர்கள். அவர்கள் இறங்கிய சுருதியை நாடியது வலிக்கு மருந்தாக அல்ல, 1971இல் கேட்ட அந்த ஆழம் தங்களுக்கும் வேண்டும் என்பதற்காக.